பிடித்த எழுத்தாளர் பஸ் தூரத்தில் இருந்தால்

நாகர்கோவிலில் ஒரு புத்தக வெளியீடு. முதல் தொகுப்பு போட்டிருக்கும் பையனிடம் மேடையில் கேட்கிறார்கள்: “உங்களுக்குப் பிடித்த எழுத்தாளர் யார்?” வேறு ஊரில் என்றால் இது நேரம் போக்கக் கேட்கிற கேள்வி. இங்கே யோசித்துத்தான் வாயைத் திறக்க வேண்டும். அவன் சொல்லப்போகும் பெயருக்குரியவர் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கலாம். அவர் இல்லையென்றால், அவரோடு பத்து வருடமாகப் பேச்சு வார்த்தை இல்லாத ஒருவர் உட்கார்ந்திருக்கலாம். பையன் எச்சிலை விழுங்கிக்கொண்டு “தஸ்தயேவ்ஸ்கி” என்கிறான். யாருக்கும் வருத்தமில்லை. கூட்டம் முடிந்ததும் எல்லாரும் சாயா குடிக்கப் போகிறார்கள்.

எழுத ஆசைப்படுகிறவனுக்குப் பிடித்த எழுத்தாளர் என்ன தருகிறார் என்பதைப் பார்க்க கன்னியாகுமரி மாவட்டத்தைவிட வசதியான இடம் தமிழ்நாட்டில் குறைவு. மாவட்டம் சின்னது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்று நெடுங்காலம் நாலே தாலுகா. இந்தக் கைப்பிடி மண்ணிலிருந்து சுந்தர ராமசாமி, கிருஷ்ணன் நம்பி, ஹெப்சிபா ஜேசுதாசன், பொன்னீலன், நாஞ்சில் நாடன், தோப்பில் முகமது மீரான், ஜெயமோகன் என்று வந்துகொண்டே இருந்தார்கள். நீல. பத்மநாபன் பிறந்தது திருவனந்தபுரத்தில் என்றாலும் அவர் பேர் சொல்லும் நாவல் இரணியலில் நடக்கிறது. ஒரு பஸ் டிக்கெட்டில் போய்ப் பார்த்துவிடக்கூடிய தூரத்தில் ஆதர்ச எழுத்தாளர் இருப்பது வரமா, இடைஞ்சலா? இரண்டும்தான் என்பது என் எண்ணம். ஆனால் எப்படி என்று பார்க்க வேண்டும்.

முதலில் ஊரின் கதை கொஞ்சம். 1956 நவம்பர் 1 வரை இந்த மண் திருவிதாங்கூரோடும் பிறகு திருவிதாங்கூர்–கொச்சியோடும் இருந்தது. அந்தக் காலத்தில் படித்த பலருக்குப் பள்ளிக்கூட மொழி மலையாளம், வீட்டு மொழி தமிழ். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எழுத்தறிவு 91.75 சதவீதம், தமிழ்நாட்டு மாவட்டங்களில் முதலிடம். படிப்பு மிஷன் பள்ளிகள் வழியாகவும் வந்தது, மகாராஜா பள்ளிகள் வழியாகவும் வந்தது. இதையெல்லாம் சொல்லி ‘அதனால்தான் இவ்வளவு எழுத்தாளர்கள்’ என்று முடித்துவிடலாம். பலர் அப்படித்தான் முடிக்கிறார்கள். எனக்கு அதில் பாதி நம்பிக்கைதான். படித்தவர்கள் எல்லாரும் எழுதிவிடுவதில்லை. எழுத்தறிவு வாசகனைத் தரும். வாசகன் பேனாவைத் திறக்க இன்னொரு மனிதர் வேண்டியிருக்கிறது.

சுந்தர ராமசாமிக்கு அந்த இன்னொரு மனிதர் புதுமைப்பித்தன். சு.ரா. பிறந்தது 1931-ல். சிறு வயது கோட்டயத்தில் கழிந்தது. பள்ளியில் அவர் படித்தது மலையாளமும் ஆங்கிலமும் சமஸ்கிருதமும். மூட்டு நோயில் படுத்துப் படிப்பும் தடைபட்டது. தமிழ் எழுத்துகளை அவர் ஒழுங்காகக் கற்றுக்கொண்டதே பதினெட்டு வயது வாக்கில். ஒன்றாம் வகுப்புக் குழந்தை படிக்கிற ‘அ’னா ‘ஆ’வன்னாவை மீசை முளைத்தபின் படித்த ஒருவர் அடுத்த இரண்டே ஆண்டில், 1951-ல், புதுமைப்பித்தனுக்கு ஒரு நினைவு மலர் கொண்டுவருகிறார். அவருடைய சொந்தக் கதை ஒன்றும் அதில்தான் வருகிறது. புதுமைப்பித்தன் 1948-லேயே திருவனந்தபுரத்தில் இறந்துவிட்டார். அப்போது சு.ரா.வுக்குப் பதினேழு வயது. நாகர்கோவிலில் கோட்டாறு ரயில் நிலையம்கூட வராத காலம்; ஆனாலும் பஸ்ஸில் போனால் அரை நாளில் சேர்ந்துவிடும் ஊர். நேரில் பார்க்கவேயில்லாத ஒருவருக்காக இருபது வயதுப் பையன் ஒருவன் கட்டுரை கேட்டு, பணம் புரட்டி, அச்சாபீஸுக்கு அலைகிறான். பிடித்த எழுத்தாளர் என்றால் என்ன என்பதற்கு எனக்கு இதைவிட நல்ல உதாரணம் தெரியாது.

ஆனால் சு.ரா. புதுமைப்பித்தன் மாதிரி எழுதவில்லை. கவனிக்க வேண்டியது இதைத்தான். புதுமைப்பித்தனிடம் இருக்கிற தாவல், திடீரென்று கதையை உதறிவிட்டுப் போகிற அலட்சியம், திருநெல்வேலிப் பிள்ளைமார் பேச்சு எதுவும் சு.ரா.விடம் கிடையாது. இவர் வாக்கியத்தைப் பத்து முறை தேய்க்கிறவர். அப்படியானால் அவரிடமிருந்து இவர் எதைத்தான் எடுத்துக்கொண்டார்? இப்படியும் எழுதலாம், எழுத்தாளன் யாருக்கும் பணிந்து போக வேண்டியதில்லை என்ற துணிச்சலை. அதை எடுத்துக்கொண்டவர் நாகர்கோவில் சந்திப்பில் நின்ற ஒரு புளியமரத்தைப் பார்க்கிறார். ‘ஒரு புளியமரத்தின் கதை’ பகுதியாக ‘சரஸ்வதி’ பத்திரிகையில் வந்து, 1966-ல் புத்தகமானது. ராஜா ராணி இல்லை, தியாகமே உருவான கதாநாயகி இல்லை. ஒரு மரம், அதைச் சுற்றிக் கடைகள், கதை சொல்லும் தாமோதர ஆசான், நகரசபை அரசியல். மரம் நின்ற இடம் வேப்பமூடுதான் என்று ஊரில் சொல்வார்கள். நான் பள்ளியில் படிக்கும்போது அந்த வழியாக நூறு முறை பஸ்ஸில் போயிருக்கிறேன். நாவலைப் படித்தபின் போனபோது ஜன்னலோர சீட் கேட்டு வாங்கி உட்கார்ந்தேன். பார்க்க ஒன்றுமில்லை. டிராஃபிக். ஆனால் நான் தினமும் கடக்கிற இடம் அச்சில் ஏறியிருக்கிறது என்பது வேறு விதமாக என்னை ஆட்டியது. அந்த நாவல் பின்னால் எபிரேய மொழியிலும் வந்தது.

புளியமரத்துக்கு வெகுகாலம் முன்பே இந்தத் துணிச்சலுக்கு ஒரு கை விளக்கு இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். தேரூரில் 1876-ல் பிறந்த கவிமணி தேசிக விநாயகம் பிள்ளையைப் பசு, கன்றுக்குட்டிப் பாட்டுகளோடு பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டோம். அவர்தான் ‘நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மிய’மும் எழுதினார். அப்பன் சொத்து மகனுக்குப் போகாமல் மருமகனுக்கு, அதாவது சகோதரி மகனுக்கு, போகும் வழக்கத்தால் வீடுகளுக்குள் நடந்த சண்டை, அழுகை, கோர்ட்டு வழக்கு அத்தனையையும் ஒரு பெண்ணின் வாயில் வைத்துப் பாட்டாக்கினார். ஊர்ப் பேச்சும் கேலியும் கலந்த பாட்டு. 1926-ல் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் வந்து அந்த முறை மாறியது. பாட்டு எழுதித்தான் சட்டம் வந்தது என்று சொல்ல மாட்டேன். அடுப்படிச் சண்டையும் இலக்கியத்துக்கு ஆகும் என்று இந்த ஊரில் முதலில் காட்டியவர் அவர் என்று சொல்லலாம்.

சரி, சு.ரா.வுக்கு வருவோம். அவர் ஜவுளிக்கடை நடத்தியவர். பகலில் கடை, மாலையில் கே.பி. ரோடு வீட்டில் பேச்சு. அந்த வீட்டுக்குத் தமிழ் எழுத்தாளர்களில் வராதவர்கள் கொஞ்சம்தான். ‘காகங்கள்’ என்ற பெயரில் அங்கே இலக்கியக் கூட்டம் நடந்தது. 1988-ல் ‘காலச்சுவடு’ பத்திரிகையும் அங்கிருந்துதான் கிளம்பியது. அழகியபாண்டியபுரத்துக் கிருஷ்ணன் நம்பி அவருடைய நெருங்கிய நண்பர். ‘மருமகள் வாக்கு’ என்ற ஒரு கதை போதும், அவர் பெயர் நிற்க. 1976-ல் நாற்பத்து மூன்று வயதில் போய்விட்டார். நண்பர்கள் இருவரும் ஒருவரையொருவர் எழுதவைத்தார்கள். இந்த மாதிரி உறவு வெளியே தெரிவதில்லை. ஆதர்சம் என்றால் மேலே பார்ப்பது என்றே நினைக்கிறோம். பக்கவாட்டில் பார்ப்பதும் உண்டு. ‘அவன் இந்த மாதம் ஒரு கதை முடித்துவிட்டான், நான் இன்னும் தொடங்கவில்லை’ என்கிற எரிச்சல், எந்த மேதையின் புத்தகத்தையும்விட வேகமாக நாற்காலியில் உட்காரவைக்கும்.

பிடித்த எழுத்தாளர் என்ற நோயைப் பற்றியே ஒரு நாவல் எழுதியவரும் சு.ரா.தான். ‘ஜே.ஜே: சில குறிப்புகள்’, 1981. பாலு என்ற தமிழ் எழுத்தாளன் ஜோசப் ஜேம்ஸ் என்ற மலையாள எழுத்தாளன்மேல் பித்துப்பிடித்து அலைகிறான். ஜே.ஜே. கற்பனைப் பாத்திரம். பிரெஞ்சு எழுத்தாளர் ஆல்பெர் காம்யு விபத்தில் இறந்ததற்கு மறுநாள், 1960 ஜனவரி 5-ல், அவன் இறந்துபோவதாகக் கதை தொடங்குகிறது. ஆதர்சத்துக்கும் ஒரு ஆதர்சம்! ஒரு கூட்டத்தில் பாலு ஆசை ஆசையாக ஜே.ஜே. முன்னால் போய் நிற்கிறான். தமிழ் எழுத்தாளன் என்று அறிமுகம் செய்கிறார்கள். ஜே.ஜே. கேட்கிற கேள்வி, சிவகாமி அம்மாள் தன் சபதத்தை நிறைவேற்றிவிட்டாளா என்பது. கல்கியின் நாவலை வைத்து மொத்தத் தமிழ் இலக்கியத்துக்கும் ஒரு குத்து. பல வருடம் மனசுக்குள் கூடவே குடித்தனம் நடத்திய மனிதன் முதல் வாக்கியத்திலேயே ஆளைச் சுருட்டித் தரையில் போடுகிறான்.

அந்த இடத்தை நான் முதலில் படித்தபோது சிரித்தேன். இரண்டாம் முறை படித்தபோது சிரிப்பு வரவில்லை. அதற்குள் நானே ஒரு எழுத்தாளர் வீட்டுக் கதவைத் தட்டியிருந்தேன். பெயர் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை, பதினொரு மணி. கையில் என் கதைகள் எழுதிய நாற்பது பக்க நோட்டு. அவர் நல்லபடியாகத்தான் உட்காரச் சொன்னார். நோட்டை வாங்கி முதல் பக்கத்தைப் படித்தார். நடுவில் ஒரு பக்கம். கடைசிப் பக்கம். மூடி வைத்துவிட்டு, “தம்பி, இது நல்லாருக்கு. ஆனா இத நான் ஏற்கெனவே எழுதியாச்சே” என்றார். சத்தம் போடவில்லை, கேலியும் இல்லை. வெயிலில் பஸ் ஸ்டாப்புக்கு நடந்து வந்தது ஞாபகம் இருக்கிறது. வாரக்கணக்கில் கோபம் இருந்தது. கோபம் போக, அவர் சொன்னது சரி என்பது தெரிய ஒரு வருடம் ஆனது.

இந்த இடத்தில்தான் ஊர் தூரம் பிரச்சினையாகிறது. ஆதர்ச எழுத்தாளர் ரஷ்யாவில், அதுவும் செத்துப்போய் இருந்தால் அவர் பாணியைத் திருடினாலும் யாருக்கும் சட்டென்று தெரியாது; மொழிபெயர்ப்பில் பாதி பாணி ஏற்கெனவே உதிர்ந்திருக்கும். உங்கள் ஊர் ஆள், உங்கள் பேச்சு, உங்கள் ஆறு, உங்கள் கோயில் கொடையை அவர் முன்பே எழுதியிருந்தால், நீங்கள் எதைத் தொட்டாலும் அவர் விரல் ரேகை இருக்கும். நாஞ்சில் நாடனைப் படித்துவிட்டு எழுத வருகிற பையன் கல்யாணப் பந்தியை எழுதாமல் இருக்க மாட்டான். எரிசேரி, தீயல், புளிசேரி, அடைப் பிரதமன் என்று இலை நிரம்பிக்கொண்டே போகும். நாலு பக்கம் பந்தி முடிந்த பிறகும் கதையில் ஒருவரும் வந்து சேர்ந்திருக்க மாட்டார்கள். நாஞ்சில் நாடனின் பந்தியில் பசி இருக்கிறது. யாரை எந்தப் பந்தியில் உட்காரவைத்தார்கள், யாரை எழுப்பிவிட்டார்கள் என்கிற கணக்கு இருக்கிறது. வீரநாராயணமங்கலத்து விவசாய வீட்டிலிருந்து பம்பாய்க்கு வேலைக்குப் போய், அங்கே உட்கார்ந்து ஊரை நினைத்து எழுதியவர் அவர். முதல் நாவல் ‘தலைகீழ் விகிதங்கள்’ 1977-ல் வந்தது. ஊரை விட்டுப் போன ஏக்கம்தான் அந்தப் பதார்த்தப் பட்டியலுக்கு ருசி போடுகிறது. ஊரிலேயே இருந்துகொண்டு பட்டியலை மட்டும் எடுத்தால் அது சமையல்காரர் கொடுக்கிற சாமான் சீட்டு.

வட்டார வழக்குக்கும் இதே கதைதான். எங்கள் வீட்டில் பதநீரை அக்கானி என்போம். மேற்கே அப்படித்தான். ஆறாம் வகுப்பில் ‘எங்கள் ஊர்’ என்ற கட்டுரையில் அக்கானி என்று எழுதினேன். ஆசிரியர் சிவப்பு மையில் அடித்துப் ‘பதநீர்’ என்று திருத்தினார். அவரும் வீட்டில் அக்கானி குடித்து வளர்ந்தவர்தான். அந்தச் சிவப்புக் கோடு எனக்குள் வெகுநாள் இருந்தது: வீட்டில் பேசுவது எழுத ஆகாது. கல்லூரியில் ஹெப்சிபா ஜேசுதாசனின் ‘புத்தம் வீடு’ கிடைத்தது. 1964-ல் வந்த நாவல். ஆங்கிலப் பேராசிரியர் எழுதியது. பனைவிளை, பனையேறிக் குடும்பம், பழைய பெருமை கரைந்துகொண்டிருக்கும் ஒரு வீடு, அதற்குள் வளரும் லிஸி என்ற பெண். என் பாட்டி பேசுகிற மாதிரி ஆட்கள் பேசினார்கள். ஆறாம் வகுப்புச் சிவப்புக் கோட்டை யாரோ வந்து அழித்துவிட்ட மாதிரி இருந்தது. அந்தப் புத்தகத்தின் ஒரு வாக்கிய அமைப்பைக்கூட நான் பின்னால் எடுத்துக்கொள்ளவில்லை. எனக்கு அது தேவைப்படவில்லை. அக்கானி என்று எழுதலாம் என்ற அனுமதி மட்டும் போதுமாக இருந்தது.

நான் சொல்ல வந்தது இந்த அனுமதியைப் பற்றித்தான். பிடித்த எழுத்தாளர் தருவதில் உருப்படியானது அது ஒன்றுதான். நடை, உத்தி, தொடக்க வரி எல்லாம் அவர் சொத்து, எடுத்தால் பிடிபடுவோம். 1968-ல் நீல. பத்மநாபன் ‘தலைமுறைகள்’ எழுதியபோது இரணியல் செட்டிமார் பேச்சு வெளியூர் வாசகனுக்குப் புரியுமா என்று கவலைப்பட்டு அதை நீர்க்கவிடவில்லை. இரணியலில் பாட்டி சொல்கிற கதையே நாவலின் நாடி. மணிகட்டிப் பொட்டலில் பிறந்த பொன்னீலன், கல்வித் துறை வேலைக்காகக் கோவில்பட்டிப் பக்கம் போனவர், அங்கே பார்த்த மண்ணை ‘கரிசல்’ என்று எழுதினார், 1976. சொந்த மண்ணை விட்டு வந்த இடத்து மண்ணையும் எழுதலாம் என்பதும் ஓர் அனுமதிதான்.

தோப்பில் முகமது மீரான் கதை இன்னும் வேடிக்கை. தேங்காய்ப்பட்டணத்துக்காரர். படித்தது மலையாளத்தில். பிழைப்புக்கு வத்தல் வியாபாரம். அவர் மனசில் குடியிருந்தவர் மலையாள எழுத்தாளர் வைக்கம் முகமது பஷீர். பஷீரைப் படித்த யாருக்கும் தெரியும்: இலக்கணம் தெரிந்தவன்தான் எழுத வேண்டும் என்ற பயத்தை ஒரே அத்தியாயத்தில் போக்கிவிடுகிற ஆள் அவர். முஸ்லிம் வீட்டுக்குள் பேசுகிற பேச்சை அப்படியே கொண்டுவந்து சபையில் வைத்தவர். மீரான் அந்தத் தைரியத்தை எல்லை தாண்டி எடுத்துவந்து தமிழில் இறக்கினார். 1988-ல் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’. வடக்கு வீட்டு முதலாளியின் அதிகாரம், கடலோரத்து ஏழைகள், தங்ஙள் என்ற மதப் பெரியவர், ஊருக்கு வரும் இங்கிலீஷ் பள்ளிக்கூடம். அந்த மொழி வாசகனைக் கொஞ்சம் தடுக்கிவிழச் செய்யும். பத்துப் பக்கம் தாண்டினால் காது பழகிவிடும். 1997-ல் ‘சாய்வு நாற்காலி’க்கு சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. பஷீரின் சிரிப்பு மீரானிடம் அவ்வளவாகக் கிடையாது. மீரானுடையது கசப்பு. ஒரே கதவு வழியாக வந்தவர் வேறொரு அறைக்குப் போய்விட்டார். அதே பஷீரை நேராகத் தமிழில் தருகிற வேலையைக் குளச்சல் மு. யூசுப் எடுத்துக்கொண்டார். ஜி.ஆர். இந்துகோபனின் ‘திருடன் மணியன்பிள்ளை’ மொழிபெயர்ப்புக்கு அவருக்கும் அகாதெமி விருது வந்தது. பிடித்த எழுத்தாளரைப் பின்பற்ற மொழிபெயர்ப்பும் ஒரு வழி. நான் பார்த்தவரை இருப்பதிலேயே நேர்மையான வழியும் அதுதான். வேறொருவர் குரலில் பேசுகிறேன் என்று அட்டையிலேயே போட்டுவிடலாம். சு.ரா.வும் மலையாள நாவலாசிரியர் தகழியின் ‘தோட்டியின் மகனை’த் தமிழாக்கியதில்தான் கை பழகினார்.

அப்புறம் சண்டை. ஆதர்சத்தோடு சண்டை போடாமல் வெளியே வந்தவர்கள் குறைவு. ஜெயமோகன் சு.ரா. வீட்டுக்கு வரத் தொடங்கியது 1980களின் நடுவில். தொலைபேசித் துறையில் வேலை, இருபது சொச்சம் வயது. 1990-ல் ‘ரப்பர்’ வந்தது. காட்டையும் வயலையும் தின்று மேற்கு மலையடிவாரத்தில் பரவிய ரப்பர் மரத்தை வைத்து ஒரு குடும்பத்தின் கதை. ஆசிரியர் ஒரு மரத்தைத் தொட்டார். மாணவர் வேறொரு மரத்தைத் தொட்டார் என்று நான் நண்பர்களிடம் சொல்வதுண்டு. இது வெறும் தற்செயலாக இருக்கலாம், எனக்குப் பிடித்த தற்செயல். பிறகு ‘விஷ்ணுபுரம்’, இருவருக்கும் இடையே கருத்து வேறுபாடு, விலகல். அதெல்லாம் ஊர் அறிந்தது. சு.ரா. செறிவு என்று சொன்னால் இவர் விரிவு என்றார். அவர் இருநூறு பக்கத்தில் நிறுத்தியதை இவர் இருபத்தாறு நாவலாக ‘வெண்முரசு’ வரை கொண்டுபோனார். ஆனால் 2005 அக்டோபரில் சு.ரா. இறந்ததும், அவரைப் பற்றி ஒரு முழுப் புத்தகத்தைச் சூட்டோடு சூடாக எழுதியவரும் ஜெயமோகன்தான்: ‘சுந்தர ராமசாமி: நினைவின் நதியில்’. அதைப் புகழுரை என்று சொல்ல முடியாது. எரிச்சல் இருக்கிறது, கணக்குத் தீர்ப்பது இருக்கிறது, அழுகையும் இருக்கிறது. எழுத வருகிறவர்களுக்கு நான் அந்த இருவருடைய நாவல்களுக்கும் முன்னால் இதைத்தான் படிக்கச் சொல்வேன். சிலர் இதைக் கேட்டு என்மேல் கோபப்படுவார்கள்.

வகுப்பறை வழியாக வந்த ஆதர்சமும் உண்டு. பேராசிரியர் ஜேசுதாசன், ஹெப்சிபா அம்மாவின் கணவர், கம்பனை நடத்துவதைக் கேட்டவர்கள் அதையே வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஜெயமோகனின் ‘மத்துறு தயிர்’ கதையில் வருவது அவர்தான். தலைப்பே கம்பன் வரி. நாஞ்சில் நாடனும் பம்பாயில் ஒரு தமிழறிஞரிடம் உட்கார்ந்து கம்பனைப் பாடம் கேட்டவர். அவருடைய உரைநடையில் திடீரென்று ஒரு பழைய சொல் எழுந்து நிற்பது அங்கிருந்துதான். இன்றைக்கு எழுத வருகிறவர்கள் பலருக்குப் பிடித்த எழுத்தாளர் பட்டியல் 1980-க்கு இப்பால் தொடங்குகிறது. அது எனக்குக் குறையாகப் படுகிறது, விவாதத்துக்குத் தயார்.

எல்லாரும் எழுத்தாளர் வீட்டுக் கதவைத்தான் தட்டுகிறார்கள். திருப்பதிசாரத்தில் எம்.எஸ். என்று ஒருவர் இருந்தார், 2017-ல் காலமானார். மெய்ப்புப் பார்ப்பதும் பிரதியைச் செம்மை செய்வதும் அவர் வேலை. இந்த ஊர் எழுத்தாளர்களின் பக்கங்கள் பலவும் அவர் கண் பட்டு அச்சுக்குப் போனவை. நல்ல மொழிபெயர்ப்பாளரும்கூட. பிரதியைச் செம்மை செய்கிறவர் என்ன செய்வார் தெரியுமா? ‘அவன் மெதுவாக ஊர்ந்து நகர்ந்தான்’ என்று எழுதியிருப்பீர்கள். ‘மெதுவாக’வின் மேல் ஒரு கோடு விழும். ‘நகர்ந்தான்’மேல் ஒரு கோடு விழும். ‘அவன் ஊர்ந்தான்’ மட்டும் மிஞ்சும். பக்கம் முழுக்க இப்படி நடந்தால், நீங்கள் உங்கள் ஆதர்ச எழுத்தாளரிடமிருந்து கடன் வாங்கிய அலங்காரம்தான் முதலில் உதிரும். ஏனென்றால் அது கதைக்குத் தேவைப்பட்டு வந்தது அல்ல. ஒரு தடவை நானும் இந்த மாதிரி ஒரு பெரியவரிடம் பிரதி கொடுத்தேன். பன்னிரண்டு பக்கம் ஏழு பக்கமாகத் திரும்பி வந்தது. ஓரத்தில் எந்த விமர்சனமும் எழுதியிருக்கவில்லை. கோடுகளே பேசின.

பிடித்த எழுத்தாளர் என்று சொல்ல ஒருவரும் இல்லாமல் எழுதியவர்களை எங்கே வைப்பது? பொன்னீலனின் அம்மா அழகிய நாயகி அம்மாள் எழுதிய ‘கவலை’யை வைத்துக்கொண்டு இந்தக் கேள்வியைக் கேட்கிறேன். தன் வாழ்க்கையையும் வீட்டு மனிதர்களையும் ஊரையும் பேசுகிற மொழியிலேயே எழுதிவைத்தார். 1998-ல் பாளையங்கோட்டை நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் அதைப் புத்தகமாக்கியது. அத்தியாயம் பிரிக்கிற உத்தி, உச்சக்கட்டம் என்ற கவலை எதுவும் அவருக்கு இல்லை. பேச உட்கார்ந்த பெண் சொல்லி முடிக்கிற மாதிரி போகும். பெரிய நாவல் எழுதிய மகன் இருந்த வீட்டில், மகனின் சாயலே இல்லாத புத்தகம். அம்மா எழுதியதா மகன் எழுதியதா, எது ஐம்பது வருடம் கழித்து வாசிக்கப்படும் என்று எங்கள் நண்பர் வட்டத்தில் ஒருமுறை பந்தயம் நடந்தது. நான் அம்மா பக்கம் கட்டினேன்.

மலர்வதியையும் இந்த வரிசையில்தான் நினைக்கிறேன். வெள்ளிக்கோட்டுக்காரர். துப்புரவு வேலை செய்யும் பெண்களின் வாழ்க்கையை ‘தூப்புக்காரி’யில் எழுதினார், சாகித்திய அகாதெமியின் யுவ புரஸ்கார் அதற்குக் கிடைத்தது. அந்த நாவலில் தேய்த்து மெருகேற்றிய வாக்கியங்களைத் தேடினால் ஏமாற்றம்தான். ஆனால் கையில் துடைப்பத்தோடு நிற்பவள் உலகத்தை எந்த உயரத்திலிருந்து பார்க்கிறாள் என்பது இந்த ஊரின் பெரிய பெயர்கள் யாரும் அதுவரை காட்டாத கோணம். சு.ரா.வின் கே.பி. ரோட்டுக்கும் ஜெயமோகனின் பார்வதிபுரத்துக்கும் போய் வந்தவர்களுக்கு அது கண்ணில் படாமல் போனதில் ஆச்சரியமில்லை.

இப்போது எழுத வருகிற பிள்ளைகள் என்னிடம் கேட்டால் ஒரு வேலை சொல்வதுண்டு. பிடித்த எழுத்தாளரின் ஒரு கதையைப் பேனாவால் அப்படியே காப்பி எழுதுங்கள், ஒரு வரி விடாமல். மொபைலில் தட்டக் கூடாது. மூன்றாவது பக்கத்தில் கை வலிக்கும். ஐந்தாவது பக்கத்தில் ‘இந்த இடத்தில் நான் இந்தச் சொல்லைப் போட்டிருக்க மாட்டேனே’ என்று தோன்றும். தோன்றினால் அங்கேயே நிறுத்திவிட்டு உங்கள் நோட்டைத் திறக்கலாம். தோன்றவில்லை என்றால் கதையை முடித்துவிட்டு வேறொருவரை எடுங்கள். சிலர் செய்கிறார்கள். பெரும்பாலோர் தலையாட்டிவிட்டு, எந்தப் பத்திரிகைக்கு அனுப்பினால் சீக்கிரம் வரும் என்று கேட்கிறார்கள்.

என் பழைய நாற்பது பக்க நோட்டு போன மாதம் வீட்டுப் பரணில் கிடைத்தது. கரையான் ஓரத்தைத் தின்றிருந்தது. முதல் கதை அப்பட்டமாக சு.ரா. இரண்டாவதில் ஒரு கல்யாணப் பந்தி இரண்டரைப் பக்கம். மூன்றாவது, யாரென்று எனக்கே தெரியாத ஏதோ ஒரு மொழிபெயர்ப்பு நாவலின் குரல். பனி பெய்கிறது, மார்த்தாண்டத்தில். நோட்டின் நடுவில் மட்டும் மை மாறியிருந்தது, கையெழுத்து கோணலாக ஓடியது. பாட்டி அக்கானி காய்ச்சும்போது அடுப்படியில் நின்றபடியே எழுதியது. பானையில் நுரை பொங்கி மேலே வருகிறது, பாட்டி திரும்பாமலே என்னிடம், “மக்கா, பொங்கி வழியதுக்கு முன்ன அந்த ஆமணக்கு வெதையத் தட்டிப் போடு” என்கிறாள். விதை விழுந்ததும் நுரை அடங்குகிறது. அவ்வளவுதான், எட்டு வரி. எழுத்தாளர் வீட்டுக்குக் கொண்டுபோவதற்கு முன்னால் அந்த எட்டு வரியின் குறுக்கே நானே பெருக்கல் குறி போட்டிருக்கிறேன்.